மணியை இறக்கியவர்கள்

ஒரு நொண்டிக் கோழிதான் எங்களை ஏலிம் சபைக்கு இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கோழி 1889-ஆம் வருடமே சட்டிக்குள் போய்விட்டது. ஆனாலும் 1958-இல் அதன் சாட்சி எங்களுக்குத் தேவைப்பட்டது.

வியாழக்கிழமை காலை லோரீன் கேன்ட் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தாள். மான்ட்கமரியில் முடிதிருத்தும் கடைக்கு மேலே ஒரு அறை, மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி, அதுதான் எங்கள் துப்பறியும் ஆபீஸ். லோரீன் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். முப்பத்து மூன்று வயது. அவள் அப்பா ஹோசியா கேன்ட் இருபத்து நாலு வருஷமாகச் சிறையில் இருக்கிறார். 1934 ஆகஸ்ட்டில், எங்களைப் போன்ற கறுப்பர்களின் ஏலிம் பாப்டிஸ்ட் கோயிலுக்குத் தீ வைத்தார், உள்ளே தூங்கிய மணியடிப்பவர் பிளெஸ் என்ற கிழவர் வெந்து செத்தார் என்று வழக்கு. செவ்வாய்க்கிழமை பரோல் போர்டு கூடுகிறது. ஏற்கெனவே இரண்டு முறை கூடி மறுத்துவிட்டார்கள்.

"ஏன் மறுத்தாங்க?" என்று மிஸ் லவீனியா கேட்டார்.

"செஞ்ச தப்ப ஒத்துக்கிட்டா விடறோம்ங்கறாங்க. செய்யாதத எப்படி ஒத்துக்கறதுங்கறார் எங்கப்பா."

லோரீன் பையிலிருந்து வழக்குக் காகிதங்களையும் ஒரு சின்னப் புத்தகத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். 'ஏலிம் சபையின் வரலாறு, 1871 முதல் 1958 வரை.' பன்னிரண்டு பக்கம். இந்த ஞாயிறு ஆண்டுவிழாவுக்காக அச்சடித்தது. எழுதியவர் சபைக் காரியதரிசி சிஸ்டர் வெர்டி லாசிட்டர்.

"ஒம்பதாம் பக்கத்துல எங்கப்பாவ 'யூதாஸின் பிள்ளை'ன்னு போட்டிருக்காங்க. அது பொய்யின்னு யாராவது சொல்லணும்."

மிஸ் லவீனியா ஸ்டர்டிவன்ட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பதினெட்டு வருஷம் ஈமச்சடங்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் விசாரணை இன்ஸ்பெக்டராக இருந்தவர். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஏழு பேரை உயிரோடு பிடித்தவர். அதில் ஒருவர் தன் சொந்தச் சாவு வீட்டில் சமையலறையில் கேக் தின்றுகொண்டிருந்தாராம். எந்தக் காகிதத்தையும் கடைசி வரியிலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார். நான் டோர்சி டேட். அவருக்கு வண்டி ஓட்டுவது, ஏணி ஏறுவது, வாயாடுவது எல்லாம் என் வேலை.

அவர் பென்சில் நாலாம் பக்கத்தில் ஒரு வரியின் கீழே ஓடியது.

"டோர்சி, இதப் படி."

படித்தேன். "'1889 மே பதினெட்டு, சனிக்கிழமை. ஆற்றங்கரையில் பலகைக் கோயில் கட்ட சிஸ்டர் டிசி கார்னர் கொடுத்தது ஒரு ஜாடி கரும்புப் பாகும் இரண்டு கோழியும். அதில் ஒன்றுக்கு இடது கால் நொண்டி.'"

"இப்போ ஒம்பதாம் பக்கம்."

"'அந்தத் தீயில் எல்லாமே போயிற்று. ஒரு பாட்டுப் புத்தகம்கூட மிஞ்சவில்லை. சபைக் கூட்டங்களின் மினிட்ஸ் புத்தகமும் சாம்பலானது.'"

"சிஸ்டர் வெர்டிக்கு இப்போ என்ன வயசு?"

"எழுபது" என்றாள் லோரீன்.

"அப்போ அந்தக் கோழி வந்தப்ப இந்தம்மாவுக்கு ஒரு வயசு."

"ஒரு வயசுக் குழந்தைக்கு இடது காலா வலது காலான்னு ஞாபகம் இருந்தா, அந்தம்மாவ காரியதரிசியா வச்சது தப்பு. தீர்க்கதரிசியா வச்சிருக்கணும்" என்றேன்.

மிஸ் லவீனியா சிரிக்கவில்லை. "மினிட்ஸ் புத்தகம் எரியல. ஆனா எரிஞ்சு போச்சுன்னு இந்தம்மா கோர்ட்டுல பைபிள் மேல கைவச்சுச் சொன்னதா வழக்குக் காகிதத்துல இருக்கு. ஏன்?"

லோரீன் கிளம்பும்போது இன்னொன்று சொன்னாள். "சபையில எல்லாரும் கெட்டவங்க இல்ல. அப்பாவப் பிடிச்சுட்டுப் போன பிறகு எங்களையும் சபையவிட்டு நீக்கிட்டாங்க. ஆனா சபைப் பெரியவர் டீக்கன் குரூம் மட்டும் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றித்தொடை அனுப்புவார். இருபத்து நாலு வருஷமா தவறினதில்ல."

மிஸ் லவீனியா அதையும் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் ஏலிம் போய்ச் சேர்ந்தோம். செல்மா ரோட்டை ஒட்டி சிவப்புச் செங்கல் கோயில். பெண்கள் உள்ளே பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஆண்கள் மறுநாள் விருந்துக்குப் பன்றி வாட்டக் குழி வெட்டினார்கள். சுவரில் மூலைக்கல். அதில் மூன்று வரி: 1871 மரத்தடி. 1889 ஆற்றங்கரை. 1935 இவ்விடம்.

டீக்கன் ஆம்சி குரூம் எங்களை வாசலில் வரவேற்றார். எழுபத்தெட்டு வயது. அந்த வெயிலிலும் கழுத்தில் டையோடு நின்றார்.

"நல்வரவு சிஸ்டர். ஆண்டுவிழாவுக்கா?"

"விழா நாளைக்குத்தானே டீக்கன். இன்னைக்கு நான் கட்டடத்தப் பாக்க வந்தேன். ஹோசியா கேன்ட்டோட மகளுக்காக."

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "கேளுங்க. எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்."

"பழைய கோயில ஏன் ரோட்டுக்கு மாத்தினீங்க?"

"வருஷா வருஷம் வெள்ளம். ஒரு மார்ச் மாசம் பிரசங்க பீடம் வரைக்கும் தண்ணி ஏறிச்சு. ஞாயிறு பள்ளிக்கு வந்த ரெண்டு பிள்ளைங்க வெள்ளத்துல போயிட்டாங்க. அதுல ஒண்ணு என்னுது." குரல் மாறாமலே சொன்னார். "ரோட்டுக்கு வரணும்னு நாங்க பாதிப் பேர் சொன்னோம். முன்னோர் கல்லறைய விட்டு வரமாட்டோம்னு மீதிப் பேர் சொன்னாங்க. அவங்களுக்குத் தலைவர் ஹோசியா. தீ பிடிச்ச அன்னைக்கு, சனிக்கிழமை சாயங்காலம், சீட்டு எழுதித் தொப்பியில போட்டோம். பாஸ்டர் டோலிவர், நான், சிஸ்டர் வெர்டி மூணு பேரும் எண்ணினோம்."

"முடிவ அப்பவே சொன்னீங்களா?"

"மறுநாள் ஆராதனையில சொல்றதா பாஸ்டர் சொன்னார். மறுநாள் ஆராதனை சாம்பல் பக்கத்துலதான் நடந்தது. இருபத்து மூணுக்கு இருபத்து ரெண்டு, ரோட்டுக்கு வர்றதுன்னு முடிவு. தோத்துட்டோம்னு காதுக்கு எட்டி ஹோசியா ஆத்திரத்துல கொளுத்திட்டார்னு ஷெரீஃப் சொன்னார்."

"ஷெரீஃப் சொன்னார்" என்று மிஸ் லவீனியா திருப்பிச் சொன்னார். பிறகு அண்ணாந்து பார்த்தார். "அந்த மணி?"

"பழைய கோயில் மணிதான். அந்தக் காலத்து எங்க பெண்கள் மெத்தைவிரிப்பு தைச்சு வித்து வாங்கினது. எல்லாரும் அடிமையாப் பிறந்தவங்க. சாம்பல்லேர்ந்து எடுத்தோம்."

"டோர்சி."

அவர் என் பெயரை அப்படிச் சொன்னால் ஏணி என்று அர்த்தம். குரூம்தான் ஏணியைக் கொண்டுவந்து, அடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மேலே புறாக்கள் என் தொப்பியை ஆசீர்வதித்தன. மணி கறுத்த இரும்பு. எரிந்து கறுத்ததா பழசாகிக் கறுத்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மணி தொங்குகிற கட்டையைப் பார்த்தேன். பழைய பைன் மரத்தின் உள்வயிரம். தேன் நிறம். அதில் உளியால் வெட்டிய எழுத்து: '1889. ஜே. கார்னர் செய்தது.' ஒரு ஓரத்தில்கூடத் தீயின் தடம் இல்லை. விரலால் சுரண்டி முகர்ந்தேன். பைன் எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. அடுப்பு பற்றவைக்க எங்கள் ஊரில் தேடி எடுக்கும் கட்டை அதுதான்.

கீழே பார்த்துக் கத்தினேன். "மிஸ் லவீனியா, சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூணு பேரும் இந்தக் கட்டையிலதான் ஒளிஞ்சிருந்தாங்க போல. அக்கினிச் சூளையில போட்டும் மயிர்கூடக் கருகல."

பெஞ்சு துடைக்கும் சத்தம் நின்றது. குரூம் மேலே பார்க்கவில்லை.

"கீழ வந்துடுங்க பிரதர்" என்றார். "ஏணி பழசு."

நான் இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

வண்டியில் உட்கார்ந்ததும் மிஸ் லவீனியா கேட்டார். "ஒரு மணிய இறக்க எத்தன ஆள் வேணும்?"

"எங்கப்பா ஒண்ணு மாட்டியிருக்கார். அந்த அளவு மணின்னா கப்பியும் வடமும் போட்டு நாலு பேர். மூணு மணி நேரம் ஆகும்."

"தீ வச்சவன் மணிய முதல்ல இறக்கியிருக்கான். ஆத்திரத்துல ஒருத்தன் தனியா செய்யற வேலையா அது?"

"ஆத்திரம் மூணு மணி நேரம் கப்பி இழுக்காது. அதுக்குள்ள பசிச்சுடும்."

"நாலு பேரு, டோர்சி. ஒருத்தருக்காவது கிறிஸ்துமஸ் வந்தா தூக்கம் வரலை."

சிஸ்டர் வெர்டியின் வீடு ஒரு மைல் தள்ளி. சமையலறையில் மறுநாளைக்கான வெண்ணெய்க் கேக் அடுப்பில் இருந்தது. மெலிந்த பெண்மணி, முழங்கை வரை மாவு. எங்களைப் பார்த்ததும் எதற்கு வந்தோம் என்று கேட்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

மிஸ் லவீனியா புத்தகத்தின் நாலாம் பக்கத்தை மேஜைமேல் விரித்தார். "சிஸ்டர், இந்தக் கோழிக்கு எந்தக் கால் நொண்டி?"

"இடது கால்."

"யார் சொன்னாங்க?"

வெர்டி அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "எழுதறப்பவே நினைச்சேன். இத விட்டுடலாம்னு. ஆனா அழகா இருந்துச்சு. டிசி கார்னர் எங்க பெரியம்மா. அவங்ககிட்ட இருந்ததே அந்த ரெண்டு கோழிதான்."

"புத்தகம் எங்க இருக்கு சிஸ்டர்?"

"கேக் தீஞ்சுடும். ரெண்டு நிமிஷம் இருங்க."

கேக்கை எடுத்து வைத்துவிட்டு, மாவு டின்னுக்குள் கைவிட்டு, எண்ணெய்த்துணியில் சுற்றிய தடித்த புத்தகத்தை எடுத்தார். மிஸ் லவீனியா வழக்கம்போலக் கடைசியிலிருந்து திறக்கப் போனார். வெர்டி அவர் கைமேல் கை வைத்தார்.

"வேண்டாம். முதல்ல சனிக்கிழமை பக்கம்."

1934 ஆகஸ்ட் பதினொன்று. சீரான கையெழுத்து. ரோட்டுக்கு மாறுவது, இருபத்து இரண்டு. இங்கேயே இருப்பது, இருபத்து மூன்று.

நான் இரண்டு முறை படித்தேன். "ஹோசியா தோக்கல. ஹோசியாதான் ஜெயிச்சிருக்கார்."

"ஆமா."

"ஜெயிச்ச ஆள் எதுக்குக் கோயிலக் கொளுத்தணும்?"

"அதனாலதான் கொளுத்தினவங்களுக்குப் புத்தகமும் எரியணும்." வெர்டி கையிலிருந்த மாவைத் தட்டினார். "நான் எப்பவும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்து சுத்தமா எழுதுவேன். அது அவங்களுக்குத் தெரியாது. விடிகாலையில பாஸ்டர் வந்து, புத்தகமும் உள்ளேதானே இருந்துச்சு சிஸ்டர்னு கேட்டார். கேக்கறப்பவே எனக்குப் புரிஞ்சது. ஆமான்னுட்டேன்."

"நாலு பேர் யாரு?"

"பாஸ்டர் டோலிவர், அவர் மச்சான் ரெண்டு பேர், டீக்கன் குரூம். குரூம் மட்டும்தான் இப்ப உசிரோட இருக்கார். பிளெஸ் அன்னைக்குச் செல்மாவுல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுக் கிளம்பினார். லாரி வரல போல. திரும்பி வந்து பின் பெஞ்சுல படுத்திருக்கார். மணியடிச்சு மணியடிச்சுக் காது போன மனுஷன். அவர் தலைக்கு மேலதான் மணிய இறக்கியிருக்காங்க. அவருக்குக் கேக்கல. இருட்டுல இவங்களுக்கும் தெரியல."

"அவங்க கொல்ல நினைக்கல" என்றார் மிஸ் லவீனியா.

"பிளெஸ்ஸ நினைக்கல." வெர்டி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு தாளைப் புரட்டி, திருப்பி எங்களிடம் தள்ளினார். "இதுக்கு என்ன சொல்வீங்க?"

தீக்குப் பிறகு இன்னொரு பக்கம் இருந்தது. அதே சீரான கையெழுத்து.

'1934 ஆகஸ்ட் 13, திங்கள். சகோதரர் குரூமின் தானியக் கொட்டகையில் கூடினோம். ஆரம்ப ஜெபம் பாஸ்டர் டோலிவர். மணி இறக்கக் கயிறு கொண்டுவந்தவர் சகோதரர் குரூம் என்றும், தீயில் நால்வர் சம்பந்தப்பட்டிருப்பதாகவும் பாஸ்டர் அறிக்கை செய்தார். இன்று மாலைக்குள் ஒரு பெயர் வேண்டும் என்று ஷெரீஃப் கேட்டிருக்கிறார். இல்லையென்றால் தானே ஐந்து பேரைப் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். நால்வருக்கும் சேர்த்துப் பத்தொன்பது பிள்ளைகள். சகோதரர் ஹோசியா கேன்ட்டுக்கு ஒரு பிள்ளை. எனவே அவர் பெயரைக் கொடுப்பது என்று முன்மொழியப்பட்டு வழிமொழியப்பட்டது. ஆதரவு ஏழு, பெயர்கள் கீழே. எதிர்ப்பு இல்லை. காரியதரிசி எழுதிக்கொண்டிருந்ததால் கை தூக்கவில்லை. ஆசீர்வாதத்துடன் கூட்டம் முடிந்தது.'

கேக்கிலிருந்து வெனிலா வாசனை வந்துகொண்டிருந்தது. நான் எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.

"இதக்கூட எழுதி வச்சீங்களா?" என்றேன்.

"கூட்டம்னா எழுதணும். அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை." அவர் என்னைப் பார்க்காமல் மிஸ் லவீனியாவைப் பார்த்தார். "கை தூக்கலன்னு எழுதினேனே, அத மட்டும் அடிச்சுடணும்னு எத்தனையோ தடவ பேனா எடுத்திருக்கேன். நான் தூக்கலதான். வாயையும் திறக்கல."

"இத நான் எடுத்துட்டுப் போகலாமா?"

"செவ்வாய்க்கிழமை எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு எனக்கு வேணும். சபை வரலாற நான்தானே வாசிக்கணும்."

மறுநாள் இருநூறு பேர். விசிறி மட்டைகள் ஒரே தாளத்தில் ஆடின. சிக்காகோ, டெட்ராய்ட் என்று பிழைக்கப் போனவர்களெல்லாம் புதுத் தொப்பியோடு வந்திருந்தார்கள். லோரீன் எங்களோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒன்பது வயதுக்குப் பிறகு அந்தச் சபையார் நடுவே அன்றுதான் அவள் உட்கார்ந்தாள். அவள் பக்கத்திலிருந்த பெண்கள் சற்று நகர்ந்துகொண்டார்கள்.

சிஸ்டர் வெர்டி முன்னால் போய் நின்றார். கையில் பன்னிரண்டு பக்கப் புத்தகம் இல்லை. எண்ணெய்த்துணியைப் பிரித்தார். மரத்தடியிலிருந்து வாசித்தார். பெரியம்மாவின் கோழிக்குச் சபை சிரித்தது. வெள்ளத்துக்கு ஆமென் சொன்னது. சனிக்கிழமை ஓட்டுக்கு வந்தபோது விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. திங்கட்கிழமை பக்கத்தை அவர் அவசரப்படாமல், ஒரு சொல் விடாமல் வாசித்தார். ஏழு பெயரையும் வாசித்தார். பெஞ்சுகளில் அந்தப் பெயர்களின் மகன்களும் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

முடித்ததும், எந்த பாப்டிஸ்ட் கூட்டத்திலும் மினிட்ஸ் வாசித்த பிறகு கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"இதில் யாருக்காவது திருத்தம் உண்டா?"

லோரீனின் விரல்கள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தன.

முன்பெஞ்சில் டீக்கன் குரூம் எழுந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஒரு திருத்தம் இருக்கு சிஸ்டர். கயிறு கொண்டுவந்தவர் சகோதரர் குரூம்னு எழுதியிருக்கு. மண்ணெண்ணெயும் நான்தான் கொண்டுவந்தேன். ஆத்தங்கரைக் கோயில என் கையால கொளுத்தணும்னு நான்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன். அதையும் எழுதிக்கங்க."

வெர்டி பேனாவைத் திறந்து, நின்றபடியே எழுதினார்.

அன்று விருந்து நடக்கவில்லை. வாட்டிய பன்றியை மூடிவைத்துவிட்டு ஜனங்கள் கார்களில் ஏறிப் போனார்கள். குரூம் அதே டையோடு ஷெரீஃப் ஆபீஸுக்குக் கிளம்பினார். நான்தான் வண்டியில் கூட்டிப் போனேன். இப்போது இருக்கிற ஷெரீஃப் வேறு ஆள், வயதில் சின்னவர். காலை மேஜைமேல் போட்டபடி முழுக்கக் கேட்டார்.

"அந்தத் தீக்கு ஒருத்தன் ஏற்கெனவே உள்ள இருக்கான் கிழவா. ஒரு தீக்கு ஒருத்தன் போதும். வீட்டுக்குப் போ."

குரூம் அந்த வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி மறுபடி உள்ளே போனார். மூன்றாவது முறை அவரைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். வீட்டில் இறக்கிவிட்டபோது, "என்னைப் பிடிக்கக்கூட மாட்டேங்கறாங்களே தம்பி" என்றார். அவருக்காக வருத்தப்பட எனக்கு மனம் வரவில்லை. வருத்தப்படாமலும் இருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை போர்டில் மூன்று வெள்ளைக்காரர்கள் மினிட்ஸ் புத்தகத்தைக் கைமாற்றிப் பார்த்தார்கள். தானியக் கொட்டகையில் எழுதியது சட்டப்படி செல்லுமா என்று ஒருவர் கேட்டார். மிஸ் லவீனியா ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே பேசினார். நாற்காலி கொடுக்கப்படவில்லை. கடைசியில் 'வயதையும் நன்னடத்தையையும் கருதி' விடுதலை என்றார்கள். குற்றமற்றவர் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

செப்டம்பர் இரண்டாம் வாரம் ஹோசியா கேன்ட் வெளியே வந்தார். அறுபத்தோரு வயது. எண்பது என்றால் நம்பலாம். லோரீன் அவர் கையைப் பிடித்துப் பின்சீட்டில் உட்காரவைத்தாள். அவர் கேட்டதற்கெல்லாம் மிஸ் லவீனியா ஒளிக்காமல் பதில் சொன்னார். நால்வர் பெயர், ஏழு பேர் பெயர், கொட்டகை. அவர் கோபப்படவில்லை. வெளியே பருத்தி வெடித்த வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அப்போ அந்த ஓட்டு?" என்றார்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க. ஒரே ஒரு ஓட்டுல" என்றேன்.

"ஒரு ஓட்டா?"

"இருபத்து மூணு, இருபத்து ரெண்டு."

பாலம் தாண்டியதும் அவர் முன்சீட்டுப் பக்கம் குனிந்தார்.

"பிளெஸ்ஸுக்கு எழுதத் தெரியாது. அன்னைக்கு அவரு சீட்டோட எங்கிட்ட வந்தார். எதுக்கு அண்ணே, செல்மா லாரிய விட்டுடப் போறீங்கன்னு கையால ஜாடை காட்டினேன். அவர் மாட்டேன்னு தலையாட்டினார். நான்தான் அவருக்கு 'இங்கேயே'ன்னு எழுதிக் குடுத்தேன். மடிச்சுக்கூடக் குடுத்தேன். அதுக்குள்ள லாரி போயிருக்கும்."

லோரீன் ஏதோ சொல்ல வந்தாள்.

"வண்டிய நிறுத்துங்க தம்பி" என்றார்.

நிறுத்தினேன். அவர் இறங்கி, பள்ளத்தைத் தாண்டி, பருத்தி வயல் ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். லோரீன் கதவைத் திறந்தாள். மிஸ் லவீனியா அவள் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்கச் சொன்னார்.